ஈரல் கட்டியும் தாலிக் கயிறும்

சேலம் ஜில்லா கெங்கவல்லியிலிருந்து வாசகத் தோழர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறபடியால் பெயரை விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கிறோம். விஷயம் அவர் ஒருவர் வீட்டு விஷயமல்ல என்பதும், நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளின் விஷயம் என்பதும் நம் அபிப்பிராயமாகும்.

தோழரின் தாயாருக்கு வயது 58. சுவேத நதிப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் மரவள்ளிக் கிழங்கும் மக்காச்சோளமும் வைத்துப் பிழைக்கும் குடும்பம். அம்மாளுக்கு ஈரலில் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கட்டி இருப்பதாகக் கண்டு, அது புற்றுநோய்தான் என்றும் தெரிந்து, வெளியூரில் ஒரு பெரிய வைத்தியசாலையில் வயிற்றைக் கீறாமல் ஊசி போன்ற ஒரு கருவியை உள்ளே செலுத்தி, கட்டியை உறைய வைத்து அழித்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அம்மாள் தம் காலால் நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து எம்.ஆர்.அய். படம் எடுத்துப் பார்த்ததில் கட்டி இருந்த இடம் செத்த இடமாகத் தெரிந்தது. “இத்தோடு விட்டுவிடக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து படம் எடுத்துக் கொள்ள வேண்டும்” என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அதற்கு மேல் நடந்ததுதான் வேடிக்கை. வேடிக்கை என்று சொல்லவும் மனம் வரவில்லை. அந்த முதல் படத்துக்குப் போனபோது, காந்த அறைக்குள் உலோகம் எதுவும் கூடாது என்று தாலியைக் கழற்றச் சொன்னார்கள். அம்மாள் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பன்னிரண்டாம் நாள் தோழரின் தகப்பனார் மழையில் வரப்பு வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். அவ்வளவுதான்! “புருஷன் உயிரோடிருக்கையில் தாலியைக் கழற்றினால் என்ன ஆகுமென்று இப்பொழுதாவது தெரிந்ததா?” என்று பெரிய மாமன் முதல் பக்கத்து வீட்டுக் கிழவி வரையில் ஆரம்பித்துவிட்டார்களாம். அதே சமயத்தில் குலதெய்வத்துப் பூசாரி, “கட்டியை ஆத்தா எடுத்துக்கொண்டாள், இனி அது திரும்பாது, கெடாவெட்டிப் பொங்கல் வையுங்கள்” என்று அருள்வாக்குச் சொன்னாராம். அடுத்த படத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் கெடாவுக்கும் பந்தலுக்கும் போயிற்று. நான்காம் மாதப் படமும் இல்லை. ஏழாம் மாதப் படமும் இல்லை. பத்தாம் மாதத்தில் அம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை, வலது விலாவுக்குக் கீழே பாரமாயிருக்கிறது என்று தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இப்போது எடுத்த படத்தில், பழைய தழும்பின் ஓரத்திலேயே மூன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு புதுக் கட்டி, பெரிய இரத்தக் குழாய் ஒன்றை ஒட்டி நிற்கிறதாம். மறுபடியும் ஊசி வைத்து உறைய வைப்பது கஷ்டம் என்றும், இரத்தக் குழாய் வழியாக மருந்து செலுத்தும் வேறு முறையைப் பார்க்க வேண்டுமென்றும் டாக்டர்கள் சொல்லுகிறார்களாம்.

“இதில் குற்றம் யார் மேல்? தாயார் இப்பொழுதும் ‘எல்லாம் என் தலையெழுத்து’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்” என்று தோழர் கேட்கிறார்.

தலையெழுத்தா? அந்தக் கட்டி எங்கே வளர்ந்தது, எப்படி வளர்ந்தது, எந்த மாதத்தில் பார்த்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்பதெல்லாம் மனிதன் படம் பிடித்துக் காட்டக்கூடிய விஷயமாக ஆகிவிட்ட பிறகு, தலையில் எழுதியிருக்கிறது என்று சொல்லுவதற்கு என்ன அர்த்தம்? எழுதியிருந்தது டாக்டர் கொடுத்த சீட்டில். அதைத்தான் படிக்கவில்லை.

முதலில் இந்த உறைய வைக்கிற வைத்தியம் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாதவரையில்தான் பூசாரிக்குப் பிழைப்பு. குளிரைக் கொண்டு கட்டியை அழிக்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஆர்னாட் என்ற வைத்தியர் பனிக்கட்டியையும் உப்பையும் கலந்து, வெளியில் தெரியும் புற்றுக் கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார். 1961 வாக்கில் அமெரிக்காவில் இர்விங் கூப்பர் என்பவர் திரவ நைட்ரஜன் ஓடும் குழல் ஒன்றைச் செய்தார். பிறகு ஆர்கான் என்ற வாயுவை மிகுந்த அழுத்தத்தோடு ஒரு மெல்லிய ஊசியின் நுனிக்குள் விட்டு, அங்கே அதைத் திடீரென்று விரிய விட்டால் நுனி மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே குளிர்ந்துவிடும் என்ற தத்துவத்தைக் கொண்டு இன்றைய ஊசிகள் வந்தன. ஊசி நுனியைச் சுற்றி ஒரு பனி உருண்டை உண்டாகிறது. கட்டியின் உயிரணுக்களுக்குள்ளேயே நீர் உறைந்து அவற்றைக் கிழிக்கிறது. சிறு இரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. சிறிது நேரம் உறைய விட்டு, உருக விட்டு, மறுபடியும் உறைய விடுவார்கள். நம் நாட்டில் ஈரலுக்கு இதைவிட அதிகமாக நடப்பது ரேடியோ அலையாலோ மைக்ரோவேவாலோ சுட்டுப் பொசுக்கும் முறைதான். சுட்டாலும் சரி, உறைய வைத்தாலும் சரி, பின்னால் பார்த்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே.

இங்கேதான் கவனிக்க வேண்டிய இடம். பனி உருண்டையின் வெளி ஓரம் பூஜ்ய டிகிரிதான். பூஜ்ய டிகிரியில் புற்றணு சாவதில்லை. மைனஸ் 20, மைனஸ் 40 என்று இறங்கினால்தான் நிச்சயமாய்ச் சாகும். ஆகவே கட்டியைத் தாண்டி அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் வரைக்கும் பனி பரவும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் பக்கத்தில் பெரிய இரத்தக் குழாய் ஒன்று ஓடினால், 37 டிகிரிச் சூட்டில் ஓடுகிற இரத்தம் அந்தப் பக்கத்தை மட்டும் உறைய விடாமல் சூடாக்கிக்கொண்டேயிருக்கும். அடுப்பு மேல் வைத்த அய்ஸ் மாதிரி. அந்த மூலையில் நாலு அணு தப்பினால் போதும், அதுவே விதை. இது டாக்டரின் கைக்குற்றமல்ல, உடம்பின் அமைப்பு. 2015இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சீனத்தில் 360 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கினாற்போல் இரண்டு பங்காக்கி, ஒரு பங்குக்கு உறைய வைத்தும் மற்றொரு பங்குக்குச் சுட்டும் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் அதே இடத்தில் கட்டி திரும்ப வளர்ந்தது, உறைய வைத்தவர்களில் நூற்றுக்கு 7. சுட்டவர்களில் நூற்றுக்கு 11. அய்ந்து வருஷத்தில் உயிரோடிருந்தவர்கள் இரண்டு பங்கிலும் ஏறக்குறைய நூற்றுக்கு 40. அதே இடத்தில் வராவிட்டாலும் ஈரலின் வேறு இடத்தில் புதிதாய் முளைப்பது இதைவிட அதிகம். ஏனென்றால் கட்டி முளைத்த ஈரல் முன்னமேயே கெட்ட ஈரல். கட்டியை எடுத்துவிட்டதால் நிலம் மாறிவிடவில்லை. மரவள்ளி வயலில் ஒரு செடியில் தேமல் கண்டு பிடுங்கிப் போட்டுவிட்டு, அப்புறம் அந்த வயலுக்கே போகாத குடியானவன் கெங்கவல்லியில் உண்டா? செடிக்குச் செய்கிற காரியத்தைப் பெற்ற தாய்க்குச் செய்ய வேண்டாமா?

“உடம்பு நன்றாய்த்தானே இருந்தது, வலியில்லையே” என்பார்கள். ஈரலின் உட்சதைக்கு வலி தெரிகிற நரம்பில்லை. மேல் உறை இழுபடுகிற அளவுக்குக் கட்டி பருத்த பிறகுதான் பாரமும் வலியும் தெரியும். வலி வந்து போவது என்பது வைத்தியத்துக்கு மிகவும் தாமதமாய்ப் போவது என்றே அர்த்தம். கையால் அமுக்கிப் பார்த்தும் தெரியாது. இரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. எல்லாக் கட்டியிலும் அது ஏறுவதில்லை. ஆகையால்தான் படம்.

அந்தப் படம் என்னத்தைக் காட்டுகிறது? நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். பூமியின் காந்த சக்தியைப் போல் சுமார் 30,000 மடங்கு பலமுள்ள காந்தத்துக்குள் உடம்பைப் படுக்க வைத்து, ரேடியோ அலையைச் செலுத்தி, தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் கொடுக்கிற பதிலைக் கேட்டு எழுதுவதுதான் எம்.ஆர்.அய். இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. “அடிக்கடி எடுத்தால் கதிர் தாக்கி இன்னொரு புற்று வரும்” என்று டீக்கடைகளில் வியாக்கியானம் செய்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். உள்ளே டம் டம்மென்று சத்தம் கேட்கிறதே, அது பேயுமல்ல, பிசாசுமல்ல. மின்சாரச் சுருள்கள் அதிர்கிற சத்தம். காதுக்குப் பஞ்சு வைப்பார்கள்.

ஈரலின் நல்ல சதைக்கு இரத்தம் நூற்றுக்கு 75 பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. அங்கே முளைத்த புற்றுக் கட்டியோ தமனியிலிருந்து குடிக்கிறது. ஆகவே கடோலினியம் என்ற மருந்தை ஊசி வழியாய்க் கையில் ஏற்றி அடுத்தடுத்துப் படம் எடுத்தால், முதல் அரை நிமிஷ அளவில் உயிருள்ள கட்டி பளிச்சென்று ஒளிரும். கொஞ்ச நேரத்தில் சுற்றியுள்ள ஈரல் வெளுக்கும்போது இது மங்கிப் போகும். செத்த கட்டிக்கு இரத்தம் போவதில்லை, ஆகவே எப்பொழுதும் இருண்டே கிடக்கும். உறைய வைத்த இடத்தைச் சுற்றி முதல் சில மாதங்களில் ஒரு மெல்லிய வளையம், பூசினாற்போல் சமமாய் ஒளிர்ந்தால் அது புண் ஆறுகிற அடையாளம், பயமில்லை. அந்த வளையத்தில் ஓரிடத்தில் மட்டும் முண்டு போல் தடித்து ஒளிர்ந்தால் அங்கேதான் திருடன் இருக்கிறான். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. செத்த இடத்தில் உறைந்து கிடக்கும் பழைய இரத்தம் மருந்து ஏற்றாமலே வெளுப்பாய்த் தெரியக்கூடும். அதனால் மருந்துக்குப் பின் எடுத்த படத்திலிருந்து மருந்துக்கு முன் எடுத்த படத்தைக் கணக்கில் கழித்து, மிச்சமிருப்பதைப் பார்க்கிறார்கள். போன தடவை படத்தைப் பக்கத்தில் வைத்து, சுருங்குகிறதா, வளருகிறதா என்று அளக்கிறார்கள். ஆறிய இடம் மாதத்துக்கு மாதம் சுருங்க வேண்டும்.

தன் கண்ணையே நம்பாமல் கழித்துப் பார்க்கிற இந்தக் காரியத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வைத்தியம் செய்த அதே டாக்டர், “நான் செய்தது தோற்றிருக்கலாம், மூன்று மாதத்தில் வா, தோற்றேனா என்று பார்ப்போம்” என்கிறார். உலகத்தில் எந்தப் பூசாரியாவது, எந்த மந்திரவாதியாவது, எந்த ஜோசியனாவது “என் மந்திரம் பலித்ததா இல்லையா என்று மூன்று மாதம் கழித்து வா, சோதிப்போம்” என்று சொன்னதுண்டா? ஜெயித்தால் ஆத்தாளின் சக்தி. தோற்றால் உன் பக்தி குறைவு, அல்லது பொங்கல் பானை இடது பக்கம் பொங்கிவிட்டது! தோல்விக்கு இடமே வைக்காத வித்தை எப்படி வித்தையாகும்? அந்த ஊர் ஆத்தாள் உண்மையிலேயே கட்டியை எடுத்துக்கொண்டிருந்தால், அதே கட்டியின் ஓரம் ஆறு மாதத்தில் மூன்றரை சென்டிமீட்டர் ஆனது எப்படி என்று பூசாரியிடம் தோழர் கேட்டாராம். “நேர்த்தியில் ஏதோ குறை” என்று பதில் வந்ததாம். கெடா மட்டும் குறையில்லாமல் சாப்பிட்டாய்விட்டது.

நிற்க, தாலி விஷயத்துக்கு வருவோம். தாலி இந்தக் கதையில் நாமாகக் கொண்டுவந்து நுழைத்த விஷயமல்ல. அதுவாகவே வந்து வாசலில் நிற்கிறது. எம்.ஆர்.அய். அறைக்குள் போகிறவர்கள் உலோகத்தைக் கழற்றிவிட வேண்டும் என்பது உலகமெங்கும் உள்ள விதி. இரும்பு சேர்ந்த பொருளைக் காந்தம் பறித்து இழுக்கும். அது நோயாளி மேலேயே பாயும். சுத்தத் தங்கம் இழுபடாது என்பது உண்மை. ஆனால் நம் வீட்டு நகையில் எவ்வளவு செம்பு, எவ்வளவு பற்று, கொக்கியில் எந்த உலோகம் என்று யார் கண்டது? மேலும் ரேடியோ அலையில் சங்கிலி சுட்டுவிடலாம், படமும் கோணலாகும். ஆகையால் தோடு, மூக்குத்தி, மெட்டி, கொலுசு, ஊக்கு, வெள்ளி அரைஞாண், தகடு வைத்த தாயத்து, ராசிக்கல் மோதிரம், செப்புக் காப்பு எல்லாம் வெளியே. இவ்வளவு “ரக்ஷை”களும் தட்டில் கிடக்க, மனிதன் தனியே உள்ளே போகிறான்; அவனைக் காப்பாற்றக்கூடிய விஷயம் அங்கேதான் நடக்கிறது! தாயத்துக்கு இதைவிட ஒரு பரிசோதனை வேண்டுமா?

ஆண்பிள்ளை தன் தாயத்தையும் மோதிரத்தையும் கழற்றினால் யாருக்கும் கால் முறிவதில்லை. பெண்பிள்ளை கழுத்திலிருந்து அரை மணி நேரம் ஒரு கயிற்றை எடுத்தால் மட்டும் புருஷன் விழுந்துவிடுகிறானாம். அப்படியானால் அந்த மழையில் அதே வாரத்தில் வரப்பில் வழுக்கி விழுந்த மற்ற குடியானவர்களுடைய மனைவிமார்களெல்லாம் எந்த வைத்தியசாலையில் தாலியைக் கழற்றினார்கள்? தாலியைக் கழற்றாமலேயே புருஷனை இழந்த பெண்கள் ஊர்தோறும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அவர்கள் தாலி அப்பொழுது என்ன செய்துகொண்டிருந்தது? கணுக்கால் முறிந்ததற்குக் காரணம் ஈர மண். அதற்கு வேண்டியது கட்டு. அதற்காக ஒரு பெண்ணின் ஈரலைப் பார்க்காமல் விட்டுவிடுவது என்றால், புருஷன் காலைவிடப் பெண்டாட்டி உயிர் மட்டமானது என்பதைத் தவிர வேறு கருத்து என்ன? 1967இல் இந்த ராஜ்யத்தில் தாலியில்லாத சுயமரியாதைக் கலியாணமே சட்டப்படி செல்லும் என்று ஆகிவிட்டது. தாலியே இல்லாமல் அரை நூற்றாண்டுக்கு மேல் புருஷனும் பெண்டாட்டியுமாய் வாழ்ந்து பேரன் பேத்தி எடுத்தவர்கள் இருக்கிற நாட்டில், அரை மணி நேரம் கழற்றியதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்!

ஆயினும் ஒன்று சொல்லுவோம். வைராக்கியம் காட்டுவதற்கு நோயாளியின் கட்டில் இடமல்ல. வீட்டில் சண்டை போட்டு ஜெயிக்கிற வரையில் கட்டி காத்திருக்காது. உலோகமில்லாத வெறும் நூலில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டு போனால் காந்தம் அதை ஒன்றும் செய்யாது. அங்கிருக்கிறவர்களிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு, ஒன்றல்ல பத்துக் கயிறு வேண்டுமானாலும் அந்த அம்மாள் கட்டிக்கொண்டு போகட்டும், நமக்கு ஆட்சேபணையில்லை. போக வேண்டும், அவ்வளவுதான். கயிற்றைப் பற்றிய விவாதத்தை அவர் பிழைத்து வந்த பிறகு அவரோடேயே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. “இங்கிலீஷ் வைத்தியம் எதற்கு, ஈரலுக்குக் கீழாநெல்லி இருக்கிறதே” என்பவர்கள். கீழாநெல்லியின் மேல் நமக்குத் துவேஷம் ஒன்றுமில்லை. நாட்டு மருந்தாயிருந்தால் என்ன, சீமை மருந்தாயிருந்தால் என்ன, சோதனைக்கு நிற்கிறதா என்பதே கேள்வி. அந்தச் சோதனை நம் சென்னையிலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானி தியாகராஜனும், ஈரல் அழற்சி பி கிருமியைக் கண்டதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் மற்றவர்களும் சேர்ந்து, அந்தக் கிருமியைத் தாங்கியிருந்தவர்களில் ஒரு பகுதிக்குக் கீழாநெல்லியும், மற்றொரு பகுதிக்கு வெறும் பொடியும் 30 நாள் கொடுத்தார்கள். 1988இல் முடிவை லான்செட் பத்திரிகையில் வெளியிட்டார்கள். கீழாநெல்லி தின்ற 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி தின்ற 23 பேரில் ஒருவருக்குத்தான். எவ்வளவு சந்தோஷமான செய்தி! ஆனால் விஞ்ஞானத்தில் ஒரு தடவை ஜெயித்தால் போதாது. தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் திருப்பிச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே நம்பிக்கை தளர்ந்தது. இதில் வெட்கம் எங்கே இருக்கிறது? சோதித்தவர்களுக்கும் மரியாதை, திருப்பிச் சோதித்தவர்களுக்கும் மரியாதை. வெட்கப்பட வேண்டியவன், 1988இன் முதல் பாதியை மட்டும் நோட்டீசில் அச்சடித்துப் புற்றுக் கட்டிக்கே கீழாநெல்லி லேகியம் விற்கிறவன்தான்.

காமாலைக்கு மந்திரிக்கிறவனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோயாளியின் கையைக் கழுவி மஞ்சளாய்த் தண்ணீர் இறங்குவதைக் காட்டி, “பார், காமாலை இறங்குகிறது” என்பான். மாம்பட்டைச் சாற்றைத் தன் கையில் தடவிக்கொண்டு சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவினால் யார் கையிலிருந்தும் மஞ்சள் இறங்கும். காமாலையே இல்லாத தாசில்தார் கையிலிருந்தும் இறங்கும். சாதாரணமான காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே போய்விடுகிறது. அந்தப் புகழை இவன் தட்டிக்கொள்கிறான். தானாய்ப் போகாத காமாலைக்காரன் நடுத்தெருவில் நிற்கிறான்.

தோழரின் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. தாயாரின் தாயாரும் “வயிறு வீங்கி”த்தான் செத்தாராம். அதைக் குலசாபம் என்று ஊரில் சொல்லுகிறார்களாம். தோழரே, சாபமல்ல, கிருமியாயிருக்கலாம். ஈரல் அழற்சி பி கிருமி பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். முப்பது நாற்பது வருஷம் ஓசையில்லாமல் ஈரலில் குடியிருந்து பிறகு கட்டியாய்க் கிளம்பும். உம்முடைய தாயாருக்கு அந்தக் கிருமி உண்டென்று நீர் அனுப்பிய சீட்டிலேயே எழுதியிருக்கிறது. ஆகவே நீரும் உம் அக்காமார் இருவரும் இந்த வாரமே இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால் மருந்து உண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலைப் பார்த்துக்கொள்ளும் முறை உண்டு. இல்லாவிட்டால் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடுகிற அந்த ஊசி 2011 முதல் நாடு முழுவதும் சர்க்கார் செலவிலேயே போடப்படுகிறது. ஒரு “குலசாபத்தை” மூன்று நாலு ஊசியில் நிறுத்திவிட முடியுமானால் அந்தச் சாபத்தின் யோக்கியதை என்ன? பூசணம் பிடித்த மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் பற்றியும் ஜாக்கிரதை வேண்டும். அந்தப் பூசணத்தின் நஞ்சு ஈரலைத் தாக்கும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லையில் பூசணம் பிடித்த சோளத்தைத் தின்ற பழங்குடி மக்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கெங்கவல்லிக் களங்களில் மழையில் நனைந்த சோளத்தை “நமக்குத்தானே” என்று வீட்டுக்கு ஒதுக்குகிற வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மாட்டுக்குப் போடுவதும் கூடாது.

மூடநம்பிக்கை ஒன்றின் மேலேயே பழியைப் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. ஏழையைப் பார்த்து “ஏன் படம் எடுக்கப் போகவில்லை?” என்று அதட்டுவது சுலபம். கெங்கவல்லியிலிருந்து ஆத்தூர் போய், அங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் சேலம் போய், காலையில் வெறும் வயிற்றோடு காத்திருந்து, திரும்பி வர ஒரு நாள் போய்விடுகிறது. நோயாளியோடு இன்னொருவர். இருவர் கூலியும் போச்சு. அன்றைக்கே படம் கிடைக்காவிட்டால் மறுபடி ஒரு நாள். 2009 முதற்கொண்டு இந்த ராஜ்யத்தில் வைத்தியக் காப்பீடு என்று ஒன்று ஏற்பட்டு ஏழைகளுக்குப் பெரிய சிகிச்சைகள் நடந்து வருவதை நாம் மனதார வரவேற்கிறோம். ஆனால் கட்டியை அழிக்க லட்சக்கணக்கில் கொடுக்கிற சர்க்கார், அது திரும்பாமல் பார்த்துக்கொள்ளப் போகிறவளுக்குப் பஸ் கட்டணத்தை யோசிக்க வேண்டாமா? கிணறு வெட்டியவன் கயிற்றுக்குக் கணக்குப் பார்க்கலாமா?

டாக்டர்களையும் கேட்கிறோம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டு முழுவதும் இங்கிலீஷ். “மூன்று மாதத்துக்கு ஒருமுறை” என்பதும் இங்கிலீஷிலேயே ஒரு மூலையில் கிறுக்கப்பட்டிருந்ததாம். எதற்காக வர வேண்டும், வராவிட்டால் என்ன ஆகும் என்று அந்த அம்மாளுக்குத் தமிழில் யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. தாலியைக் கழற்றச் சொன்ன நர்சம்மாளும் “கழட்டும்மா, சீக்கிரம்” என்றாரேயொழிய, காந்தம் என்பதால் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரணம் சொல்லாத கட்டளைக்கும் மந்திரத்துக்கும் கேட்கிறவள் காதில் வித்தியாசம் என்ன? விஞ்ஞானம் தன் காரணத்தைச் சொல்லாமல் போனால் அந்தக் காலி இடத்தில் பூசாரி வந்து உட்காருகிறான். பூசாரி தமிழில் பேசுகிறான், வீட்டுக்கே வருகிறான், “பயப்படாதே தாயே” என்கிறான். அவனை ஜெயிக்க வேண்டுமென்றால் அந்த மூன்றும் வைத்தியசாலைக்கும் வர வேண்டும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் ஆரம்பிக்கப்பட்ட “மக்களைத் தேடி மருத்துவம்” ஏற்பாட்டில், இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் பெண் ஊழியர்கள் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மாத்திரை கொண்டு போகிற கையில் ஒரு தேதிச் சீட்டையும் கொண்டு போக முடியாதா? “பாட்டி, இந்த மாதம் 14ஆந் தேதி உனக்குப் படம், நான் வந்து சொல்லிவிட்டேன்” என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், கெங்கவல்லியில் பெரிய மாமனின் வாய்க்கு எதிர்வாய் ஒன்று இருந்திருக்கும். புற்றுநோய்க்கு வைத்தியம் ஆனவர்களின் பட்டியல் ஒவ்வொரு பெரிய வைத்தியசாலையிலும் இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதற்குப் புதுச் சட்டம் ஒன்றும் வேண்டியதில்லை.

தோழர் கடைசியாக இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். படம் எடுக்கும்போது ஏற்றுகிற மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்பது ஒன்று. சிறுநீரகம் மிகவும் கெட்டிருப்பவர்களுக்கு மட்டும் அதில் யோசிக்க வேண்டியதுண்டு. அதற்காகத்தான் முன்னதாக இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கிறார்கள். உடம்புக்குள் இதயத்துக்கு மின்கருவியோ, பழைய தகடோ, கிளிப்போ வைத்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மற்றொன்று, அடுத்த படத்துக்கு டாக்டர் கொடுத்திருக்கும் தேதி அஷ்டமியாம். பெரிய மாமன் இரண்டு நாள் தள்ளி வைக்கச் சொல்லுகிறாராம்.

தள்ள வேண்டாம். அன்றைக்கு அந்த இயந்திரத்தில் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். விட்டால் மறுபடி எப்பொழுது கிடைக்குமோ தெரியாது. முதல் மாதத்துப் படத்தையும் பத்தாம் மாதத்துப் படத்தையும், தட்டு இருந்தால் தட்டு, பிலிம் இருந்தால் பிலிம், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்; பழையது பக்கத்தில் இல்லாமல் புதியதைப் படிக்கச் சொல்லுவது அளவுகோல் இல்லாமல் நிலம் அளக்கச் சொல்லுவதாகும். நகைகளை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். காலையில் முதல் பஸ்ஸுக்கே கிளம்புங்கள். பெரிய மாமன் கூட வருவதாயிருந்தால் வரட்டும். வெளியே உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.